கடலடிப் பொருள்களின் சோனார்ப் படத்தைக் கணினியில் உருவாக்குவது எப்படி: மலையகத்திலிருந்து தொடங்குவோருக்கு

கடலடியில் கிடக்கும் ஒரு கப்பலையோ சாடியையோ சோனார், அதாவது ஒலித் துடிப்பை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் கருவி, எப்படிக் காட்டும் என்பதைக் கணித்துப் படமாக்குவதற்குப் படகும் தேவையில்லை, கடற்கரையில் குடியிருக்கவும் தேவையில்லை. உயர்தர வகுப்பில் கற்ற ஒலியலைகளும் திரிகோணகணிதமும், பைத்தன் மொழியில் ஓரளவு பழக்கமும், ஒரு சாதாரண மடிக்கணினியும் போதும். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருக்கும் ஒரு மாணவர், கடலாய்வுத் துறையில் உண்மையாகவே பயன்படும் வேலையை வீட்டில் இருந்தபடியே செய்ய முடிகிற சில இடங்களுள் இது ஒன்று. சோனார்ப் படங்களில் பொருள்களைத் தாமாகவே கண்டுபிடிக்கும் மென்பொருள்களைப் பயிற்றுவிக்க ஆயிரக்கணக்கான படங்கள் வேண்டும். கடலில் எடுக்கப்பட்ட படங்களோ அரியவை, செலவு மிக்கவை, பெரும்பாலும் பகிரப்படாதவை. அந்த இடைவெளியை நிரப்பவே செயற்கைப் படங்கள் தேவைப்படுகின்றன.

இந்த வேலையில் இறங்குவோரிற் பலர் பொருளின் முப்பரிமாண உருவத்தைச் செதுக்குவதிலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள். பீரங்கியின் விளிம்பு, நங்கூரத்தின் வளையம் என்று நுணுக்கமாகச் செய்துவிட்டு, அதைத் தட்டையான ஒரு தரையில் வைத்துவிடுகிறார்கள். சோனார்ப் படத்தில் பொருளின் உடல் பிடிக்கும் இடம் சில பிக்சல்களே. மீதியெல்லாம் பொருள் ஒலியை மறைப்பதால் விழும் நிழலும், தரையும், இரைச்சலும்தான். ஆகவே உழைப்பின் பெரும்பகுதி தரைக்கும், அதற்கடுத்த பகுதி நிழலுக்கும் போக வேண்டும். பொருளுக்கு மிஞ்சுவது போதும்.

படம் உருவாகும் விதம்

பக்கவாட்டுச் சோனார் படகுக்குப் பின்னால் கயிற்றில் இழுபட்டபடி, தரைக்குச் சில மீற்றர் மேலே செல்கிறது. ஒவ்வொரு துடிப்பும் பக்கவாட்டில் விசிறிபோல விரிகிறது. பயணத் திசையில் அது மிக ஒடுக்கமானது. ஒரு துடிப்பின் எதிரொலிகள் திரும்பிவரும் நேர ஒழுங்கில் ஒரு வரியாக எழுதப்படுகின்றன; படகு நகர நகர வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டுப் படமாகின்றன. எனவே படத்தின் குறுக்கச்சு இடத்தைக் குறிப்பதன்று, நேரத்தைக் குறிப்பது. நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் கிடைப்பது சோனாரிலிருந்து பொருள்வரை உள்ள சாய்தூரமே அன்றித் தரையில் அளந்த தூரம் அன்று.

பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு காட்சியை அமைத்து, கமராவால் படமெடுத்து, மங்கலாக்கிச் சோனார்ப் படம் என்று பெயரிடுவது இதனால்தான் பிழையாகிறது. கமராவில் ஒரே திசையில் உள்ள புள்ளிகள் ஒரே பிக்சலில் விழுகின்றன. சோனாரில் ஒரே தூரத்தில் உள்ள புள்ளிகள் ஒரே பிக்சலில் விழுகின்றன. உயரமான ஒரு சுவரின் உச்சி அதன் அடியைவிடச் சோனாருக்கு அருகில் இருந்தால், படத்தில் உச்சி முந்தித் தோன்றும், அடி பிந்தித் தோன்றும். பிளெண்டரைப் பயன்படுத்தலாம், ஆனால் அதிலிருந்து நிறத்தை எடுக்காமல், ஒவ்வொரு புள்ளிக்குமான தூரத்தையும் மேற்பரப்பின் செவ்வனையும் மட்டும் எடுத்து, படத்தை நீங்களே கோத்துக்கொள்ள வேண்டும்.

எண்களை முதலில் முடிவு செய்தல்

நிரலின் முதல் வரியை எழுதுவதற்கு முன் ஓர் உண்மையான இடத்தை மனத்திற் கொள்வது நல்லது. ஹம்பாந்தோட்டைக்கு அருகே கொடவாயவுக்கு அப்பால் சுமார் 33 மீற்றர் ஆழத்தில், ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுப் பழமையான ஒரு கப்பலின் எச்சங்கள் பகுதியளவில் மணலில் புதைந்து கிடக்கின்றன. கண்ணாடிக் கட்டிகளும் மட்பாண்டங்களும் உலோகங்களும் அதன் சரக்கு. தரைமேல் உள்ளது, தரைக்குள் உள்ளது என்னும் இரண்டு சிக்கல்களும் அங்கே ஒன்றாகக் கிடைப்பதால், பயிற்சிக்கு அதுபோன்ற ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம்.

இலங்கையைச் சூழ்ந்த கடலில் நீரின் வெப்பநிலை 28 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும்போது ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1540 மீற்றர். நூல்களில் காணப்படும் 1500 என்ற எண்ணை அப்படியே போட்டால் 40 மீற்றர் தூரத்தில் ஒரு மீற்றர் பிசகும். மீடிறன் 400 கிலோஹேட்ஸ் என்றால் அலைநீளம் 3.85 மில்லிமீற்றர். துடிப்பின் பட்டையகலம், அதாவது அது அடக்கும் மீடிறன்களின் வீச்சு, 30 கிலோஹேட்ஸ் என்றால் தூரத் துல்லியம், வேகத்தைப் பட்டையகலத்தின் இருமடங்கால் வகுத்து, சுமார் 2.6 சென்ரிமீற்றர். பயணத் திசையில் நிலைமை இவ்வளவு நன்றாக இல்லை: சோனாரின் ஒலி அணி, அதாவது ஒலியை அனுப்பி வாங்கும் மூலகங்களின் வரிசை, 30 சென்ரிமீற்றர் நீளமானால், 30 மீற்றர் தூரத்தில் கதிரின் அகலம் 38 சென்ரிமீற்றர் ஆகிவிடும். மிக அருகில் வரும்போது அந்த அகலம் தூரத்துக்கு ஏற்பச் சுருங்கிக்கொண்டே போகும் என்று எண்ண வேண்டாம். குவியப்படுத்தாத அணியில் அது அணியின் நீளத்தை அண்டியே நின்றுவிடும். தூரத் துல்லியத்துக்கும் பயணத் திசைத் துல்லியத்துக்கும் இடையே உள்ள இந்த ஏற்றத்தாழ்வுதான் பக்கவாட்டுச் சோனார்ப் படங்களுக்கு அவற்றின் நீட்டப்பட்ட தோற்றத்தைத் தருகிறது. சதுரப் பிக்சல்களில் சமமாக மங்கலாக்கினால் அந்தத் தோற்றம் ஒருபோதும் வராது.

சோனார் தரைக்கு மேல் 6 மீற்றர் உயரத்தில் செல்கிறது, எட்டும் தூரம் 40 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். துடிப்பு போய் வர 52 மில்லிசெக்கன். ஆகவே செக்கனுக்கு 19 துடிப்புகள். படகு செக்கனுக்கு 2 மீற்றர் சென்றால் வரிக்கு வரி 10 சென்ரிமீற்றர் இடைவெளி கிடைக்கும்.

தரை

தரையை ஓர் உயரத் தாயமாக, அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் உயரம் உள்ள எண்வரிசையாக அமையுங்கள். புள்ளிகளுக்கிடையே 2 சென்ரிமீற்றர் விட்டு, குறுக்கே 40 மீற்றரும் நீளத்தில் 30 மீற்றரும் எடுத்தால் முப்பது இலட்சம் புள்ளிகள் வரும். பைத்தனில் எண்வரிசைகளைக் கையாளும் நம்பை நூலகம் இதைச் சிரமமின்றித் தாங்கும், ஏனெனில் ஒரு துடிப்புக்கு அதன் கதிருக்குள் விழும் ஒடுக்கமான பட்டி மட்டுமே தேவைப்படுகிறது.

இயற்கையான தரையின் மேடுபள்ளங்களில் பெரியவை உயரமாகவும் சிறியவை தாழ்வாகவும் இருக்கும். எழுமாறான எண்களைப் பூரியர் உருமாற்றத்தால் அலைகளாகப் பிரித்து, இட மீடிறன் (ஒரு மீற்றருக்குள் வரும் மேடுகளின் எண்ணிக்கை) கூடக்கூட வீச்சம் ஓர் அடுக்கு விதிப்படி குறையுமாறு பெருக்கி, மீண்டும் திருப்பி உருமாற்றினால் அத்தகைய தரை கிடைக்கும். அதன்மேல் மணல் அலைவரிகளைச் சேர்க்க வேண்டும். அவற்றின் முகடுகள் பெரும்பாலும் கரைக்கு வரும் அலைமுகங்களுக்குச் சமாந்தரமானவை. உயரம், ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு உள்ள தூரத்தின் பத்திலொரு பங்கை அண்டியது. சரியான சைன் வளைவை இடவேண்டாம்: வரிகள் இடையிடையே கிளைவிட வேண்டும், முறிய வேண்டும், ஓரிடத்தில் மங்கிப்போக வேண்டும். வரிகளின் அவத்தையோடு மெதுவாக மாறும் ஓர் எழுமாறான புலத்தைக் கூட்டினால் இந்த ஒழுங்கின்மை தானாகவே வந்துவிடும். ஒரே தரைத் துண்டைப் பக்கம் பக்கமாக ஒட்டிப் பெரிதாக்குவதைத் தவிருங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒட்டைப் பயிற்சிபெறும் மென்பொருள் உடனே கண்டுபிடித்துவிடும்.

பொருள் தரையில் வைக்கப்பட்டதாக அல்ல, கிடந்ததாகத் தெரிய வேண்டும். நீரோட்டம் பொருளைச் சுற்றி மணலை அரித்துப் பள்ளமாக்கும். பொருள் அந்தப் பள்ளத்துக்குள் மெல்லச் சாயும். ஓட்டம் ஒதுங்கும் பக்கத்தில் மணல் வாலாகச் சேரும். அரை மீற்றர் விட்டமுள்ள ஓர் உருளையை எடுத்தால், அதன் உடலில் மூன்றிலொரு பங்கைத் தரைக்குள் இறக்கி, சுற்றிலும் ஆழமற்ற ஓர் அகழியைத் தோண்டி, ஒரு முனையைச் சற்றுத் தாழ்த்திவிடுங்கள். இந்த மூன்று மாற்றங்களும் சேர்ந்து தரும் நம்பகத்தன்மையை எவ்வளவு செதுக்கிய உருவமும் தராது.

எதிரொலியைக் கணித்தல்

ஒவ்வொரு துடிப்புக்கும், கதிருக்குள் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு விடயங்களைக் கணிக்க வேண்டும்: சாய்தூரம், ஒலி தரையைத் தொடும் கோணம், அந்தப் புள்ளி சோனாருக்குத் தெரிகிறதா என்பது, திரும்பும் வலிமை. வலிமைக்கு லம்பேட்டின் விதி தொடக்கத்துக்குப் போதுமானது: சிதறி மீளும் செறிவு, கதிர் தரையோடு அமைக்கும் கோணத்தின் சைனின் வர்க்கத்துக்கு விகிதசமன். நூல்கள் இதற்குக் கொடுக்கும் வழமையான மாறிலி கழித்தல் 27 டெசிபெல். சேற்றுக்கு அதைக் குறைத்தும், பரலுக்கும் பாறைக்கும் கூட்டியும் கொள்ளலாம். கோணத்தைக் கணிக்கும்போது தட்டைத் தரையின் கோணத்தை எடுக்காமல், அந்தப் புள்ளியின் செவ்வனைக் கொண்டு எடுத்தால் அலைவரிகள் தாமாகவே ஒளிரும்.

நீரில் ஒலி பரவுவதாலும் உறிஞ்சப்படுவதாலும் ஏற்படும் இழப்பை அடுத்துச் சேர்க்க வேண்டும். பரவல் இழப்பு, போய்வரும் இரண்டு வழிக்கும் சேர்த்து, தூரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பச் செறிவைக் குறைக்கும். உறிஞ்சல், வெதுவெதுப்பான கடலில் 400 கிலோஹேட்ஸில் கிலோமீற்றருக்கு அண்ணளவாக 170 டெசிபெல். 40 மீற்றருக்குப் போய்வர 14 டெசிபெல் அளவில் போய்விடுகிறது. உண்மையான கருவிகள் இந்த இழப்புகளை நேரத்துக்கேற்பக் கூடும் பெருக்கத்தால் ஈடுசெய்கின்றன. உங்கள் நிரலும் அதைச் செய்ய வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. தனித்த புள்ளிப் பொருளுக்குப் பெருக்கத்தை டெசிபெலில், தூரத்தின் மடக்கையை 40ஆல் பெருக்கி எடுப்பது சரி. தரைக்கோ 30 போதும், ஏனெனில் தூரம் கூடக்கூடக் கதிர் அகன்று, ஒரு பிக்சலுக்குள் விழும் தரையின் பரப்பும் கூடுகிறது. 40ஐ எங்கும் இட்டால் படத்தின் வெளிவிளிம்பு காரணமின்றி வெளுத்துவிடும்.

நிழலைக் கணிப்பது நினைப்பதைவிட எளிது. சோனாருக்கு நேர்கீழேயிருந்து வெளிநோக்கி நடந்துகொண்டே, ஒவ்வொரு புள்ளியையும் சோனாரிலிருந்து பார்க்கும் ஏற்றக் கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதுவரை கண்ட மிகப் பெரிய கோணத்தைவிடச் சிறிய கோணம் உள்ள புள்ளி நிழலுக்குள் இருக்கிறது. நம்பையில் ஒட்டுமொத்த உச்சத்தைக் காணும் ஒற்றைக் கட்டளையால் ஒரு பட்டி முழுவதையும் இவ்வாறு தீர்த்துவிடலாம். வளைவுகளும் தொங்கும் பகுதிகளும் உள்ள பொருள்களுக்கு, உதாரணமாகக் கவிழ்ந்த கப்பலின் தளத்துக்கு, உயரத் தாயம் போதாது. அங்கே மேற்பரப்பை முக்கோணிகளால் மூடும் வலையமைப்பும், ஒவ்வொரு கதிரும் எங்கே படுகிறது என்று தொடரும் முறையும் வேண்டும்.

கணிப்புச் சரியா என்று பார்க்க இயல்பொத்த முக்கோணிகளே போதும். தட்டைத் தரையில் பொருளின் உயரம், சோனாரின் உயரத்தை நிழலின் நீளத்தால் பெருக்கி, நிழல் முடியும் இடம்வரையுள்ள தரைத் தூரத்தால் வகுத்தால் வரும். நமது சோனாரிலிருந்து 20 மீற்றரில் உச்சி அரை மீற்றர் உயர்ந்திருந்தால் நிழல் 1.8 மீற்றர் நீள வேண்டும். பொருளைவிட அது மூன்றரை மடங்குக்கும் மேல். தரை சாய்ந்திருந்தால் இந்தக் கணக்குக் குலையும். மாலை வெயிலில் தேயிலை மலையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று: ஒரே உயரமுள்ள நிழல் மரங்களில், வெயிலைப் பார்த்த சரிவில் நிற்பதன் நிழல் குட்டையாகவும், மறுபக்கச் சரிவில் நிற்பதன் நிழல் பள்ளம்வரை ஓடுவதாகவும் இருக்கும். படத்திலிருந்து உயரம் கணிக்கும் மென்பொருளைப் பயிற்றுவிக்கிறீர்கள் என்றால், சரிவுத் தரைகளைக் கட்டாயம் கலந்து கொடுங்கள்.

இனி, பொட்டுப்பொட்டான மினுக்கம். ஒரு பிக்சலுக்குள் பல சிதறிகள் இருக்கின்றன. அவற்றின் அலைகள் ஒன்றோடொன்று தலையிட்டு, சில இடங்களில் வலுத்தும் சில இடங்களில் அழிந்தும் போகின்றன. முடிந்த படத்தை எழுமாறான எண்களால் பெருக்குவது மலிவான வழி. முறையான வழி வேறு: தரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எழுமாறான அவத்தையை ஒரேயொரு தடவை கொடுத்துவிட்டு, அதனோடு சாய்தூரத்தால் வரும் அவத்தையையும் கூட்டி, வீச்சங்களைச் சிக்கலெண்களாகவே பிக்சலில் சேர்க்க வேண்டும். அவத்தையைத் துடிப்புக்குத் துடிப்பு மாற்றக்கூடாது. தொலைவில் அடுத்தடுத்த கதிர்கள் ஒரே தரையின்மேல் படிவதால், உண்மைப் படத்தில் மினுக்கம் பயணத் திசையில் இழுபட்டுத் தெரியும். ஒருமுறை கொடுத்த அவத்தை அந்த இழுவையைத் தானே உண்டாக்கும். சரிபார்க்க, அம்சங்களற்ற தரைப் பகுதி ஒன்றில், பெருக்கத்தின் ஏற்றத்தாழ்வு தெரியாத அளவு சிறிய கட்டத்துக்குள், வீச்சத்தின் இடையை நியம விலகலால் வகுத்துப் பாருங்கள். 1.9ஐ அண்டி வந்தால் பரம்பல், இத்தகைய மினுக்கத்துக்கு எதிர்பார்க்கப்படும் ரேலியின் பரம்பலுக்கு ஒத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

நிழல் ஒருபோதும் முழுக் கருமையாக இருக்கக்கூடாது. அங்கே தரையின் எதிரொலி இல்லாவிட்டாலும் நீரின் இரைச்சலும், கருவியின் மின் இரைச்சலும், முதன்மைக் கதிருக்கு வெளியே பரவும் பக்கக் கதிர்களால் கசிந்துவரும் சிறு பங்கும் உண்டு. பெருக்கத்துக்கு முன்பே இந்த இரைச்சலைச் சேருங்கள். அப்போது தூர நிழல்கள் கிட்டத்து நிழல்களைவிடச் சாம்பல் பூத்துத் தெரியும், அதுவே இயல்பு. சோனாரின் ஆட்டத்தையும், அதாவது சில சென்ரிமீற்றர் ஏறி இறங்குவதையும் ஓரிரு பாகை திரும்புவதையும், மெதுவான எழுமாற்று மாறலாகச் சேர்த்துவிடலாம்.

நரம்பு வலையமைப்புகளைக் கொண்டு நேரடியாகவே சோனார்ப் படங்களை வரையும் வழியும் இப்போது பரவலாக இருக்கிறது. அவை அழகாக வரும். ஆனால் ஒரே படத்தில் இரண்டு நிழல்கள் இரண்டு உயரங்களிலிருந்து விழுந்தவை போல இருப்பதை அளந்துபார்த்தால் காணலாம். பௌதிகத்தால் ஆக்கிய படத்துக்கு மேற்பூச்சாக அவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை. அத்திவாரமாக வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

தரைக்குள் புதைந்தவை

மேலே சொன்னவற்றைக் கொண்டு புதைந்த பொருளைக் காட்ட முடியாது. மணலில் ஒலி நீரைவிடச் சுமார் 15 வீதம் வேகமாகச் செல்வதால், சினெலின் விதிப்படி, கதிர் தரையோடு ஏறத்தாழ 30 பாகைக்குக் குறைவான கோணத்தில் வந்தால் முழுத்தெறிப்பு ஏற்பட்டு, ஒலி மணலுக்குள் நுழைவதில்லை. நமது 6 மீற்றர் உயரத்துச் சோனாருக்குப் பத்து மீற்றருக்கு அப்பாலுள்ள தரை எல்லாமே இந்த எல்லைக்குள் வந்துவிடும். ஒலி உள்ளே நுழைந்தாலும் நெடுந்தூரம் போகாது: மணலில் ஓர் அலைநீளத்துக்கு அரை டெசிபெல் போனால்கூட, 400 கிலோஹேட்ஸில் அது மீற்றருக்கு நூறு டெசிபெலைத் தாண்டிவிடும். 8 கிலோஹேட்ஸில் அதே மணலில் அலைநீளம் 22 சென்ரிமீற்றர், இழப்பு மீற்றருக்கு இரண்டேகால் டெசிபெல் மட்டும். ஆகவே புதைந்தவற்றுக்குத் தாழ்ந்த மீடிறனில் நேர்கீழே பார்க்கும் அடித்தரைச் சோனாரையே உருவகிக்க வேண்டும்.

அதன் படம் வேறுவிதமானது. நிழலைத் தேடிப் பயனில்லை. சோனார் ஒரு புள்ளிப் பொருளை அணுகி, கடந்து, விலகும்போது தூரம் குறைந்து பின் கூடுவதால் அது கவிழ்ந்த அதிபரவளைவாகத் தெரியும். நிரலில் செய்ய வேண்டியது, நீரில் கழியும் நேரத்தையும் மணலில் கழியும் நேரத்தையும் தனித்தனியே கணித்துக் கூட்டுவதும், ஒவ்வொரு எல்லையிலும் தெறிப்புக் குணகத்தை இடுவதும்தான். அந்தக் குணகம் அடர்த்தியையும் வேகத்தையும் பெருக்கி வரும் ஒலித்தடங்கலைப் பொறுத்தது: இரு பக்கத் தடங்கல்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது. கடல்நீரிலிருந்து மணலுக்கு அது 0.37 அளவில் வரும். மணலிலிருந்து இரும்புக்கு 0.85ஐத் தாண்டும். சேறு நிரம்பிய மட்சாடியோ சேற்றுக்குள் ஏறக்குறைய மறைந்துவிடும், ஓட்டின் தடிப்பு அலைநீளத்துக்கு முன் ஒன்றுமில்லை. நீரில் ஊறிய மரத்தின் தடங்கல் சுற்றியுள்ள மணலைவிடக் குறைவாக அமைந்தால் குணகம் மறைப்பெறுமானமாகி, எதிரொலியின் குறி புரளும். படத்தை வீச்சமாக மட்டும் சேமித்தால் இந்தத் தடயம் அழிந்துபோகும். ஆகவே குறியோடு சேமியுங்கள்.

உலோகக் குழல்கள் தாழ்ந்த மீடிறனில் அதிர்ந்து, முதல் எதிரொலிக்குப் பின்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். அதைக் காட்ட, பொருளைச் சிறு கூறுகளாகப் பிரித்து அதிர்வைக் கணிக்கும் முடிவுறு மூலக முறை தேவை. தொடக்கத்தில் அதை விட்டுவிடலாம்.

நிஜத்தோடு ஒப்பிடுதல்

ஒப்பிட்டுப் பார்க்காத உருவகம் ஓவியம் மாத்திரமே. இந்த இடத்தில் மலையகத்தாருக்குக் கரையோரத்தாருக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. 1969இல் நிறைவடைந்த மவுசாகலை அணையால் பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. நீர்மட்டம் வெகுவாகத் தாழும் வறண்ட மாதங்களில் அங்கிருந்த கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே தெரிகின்றன. கொத்மலை நீர்த்தேக்கத்திலும் கடதொர விகாரையின் எச்சங்கள் இவ்வாறே எழுகின்றன. கடலடிப் பொருளை வெளியே எடுத்து அளப்பது நடவாத காரியம். இங்கேயோ அளவுநாடாவோடு போய் அளந்துவிட்டு, மழைக்குப் பின் அதே பொருள் நீருக்கடியில் சோனாரில் எப்படித் தெரிகிறது என்று பார்க்கலாம்.

வழிபாட்டிடங்கள் என்பதால் ஊராரிடம் சொல்லிவிட்டுப் போவதும், படகு இறக்குவதற்கு நீர்த்தேக்கப் பொறுப்பாளரின் அனுமதியைப் பெறுவதும் முறை. கட்டடத்தைச் சுற்றி எல்லாக் கோணத்திலும் கைப்பேசியால் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு படமெடுத்து, மெஷ்ரூம் போன்ற இலவச மென்பொருளில் முப்பரிமாண வலையமைப்பாக்கி, நாடாவால் அளந்த ஒரு சுவரின் நீளத்தைக் கொண்டு அளவுத்திட்டத்தைச் சரிசெய்யுங்கள். மீன்பிடிப்போர் பயன்படுத்தும் சிறிய பக்கவாட்டுச் சோனார்க் கருவியே ஒப்பீட்டுக்குப் போதுமானது.

நிரலில் சில எண்கள் மாறும். 20 பாகையுள்ள நன்னீரில் ஒலியின் வேகம் 1482 மீற்றர். உறிஞ்சல் 400 கிலோஹேட்ஸில் கிலோமீற்றருக்கு 40 டெசிபெலுக்கும் கீழே, ஏனெனில் இந்த மீடிறனில் கடலின் உறிஞ்சலுக்குப் பெருங்காரணமான மக்னீசியம் சல்பேற்று இங்கே இல்லை. தரை மணலன்று, சேறு. மென்சேற்றில் ஒலி நீரைவிடச் சற்று மெதுவாகச் செல்வதால் முழுத்தெறிப்புச் சிக்கல் எழாது. ஆனால் அழுகும் தாவரங்களிலிருந்து வரும் மெதேன் குமிழிகள் சேற்றில் தங்கியிருந்தால், அடித்தரைச் சோனாருக்கு அவை ஊடுருவ முடியாத திரையாகிவிடும். அப்படிப்பட்ட பகுதியை உங்கள் தரையில் வலுவான ஒரு தெறிப்பும், அதற்குக் கீழே வெறுமையுமாக வைக்க வேண்டும்.

ஒப்பிடும்போது கண்ணுக்கு ஒத்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டாம். சுவரின் நிழல் நீளத்தை இரு படங்களிலும் அளந்து பாருங்கள். தரையின் வீச்சப் பரம்பலைத் தூர வலயங்களாகப் பிரித்து ஒப்பிடுங்கள். நிழலுக்கும் தரைக்கும் இடையிலான வித்தியாசம் எத்தனை டெசிபெல் என்று பாருங்கள். நிழல் நீளம் ஒத்து, வித்தியாசம் மட்டும் ஒவ்வாவிட்டால் பிழை இரைச்சலில் இருக்கிறது. நிழல் நீளமே ஒவ்வாவிட்டால் சோனாரின் உயரத்தையும் தரையின் சரிவையும் முதலில் சந்தேகியுங்கள். இந்த எண்கள் ஒத்துவந்த பிறகே கடற்காட்சிக்குத் திரும்பி, பொருளின் திசை, புதைவு, தூரம், மணல் வரியின் திசை ஆகியவற்றை மாற்றி மாற்றிப் படங்களைத் தொகையாக ஆக்கத் தொடங்கலாம். ஒவ்வொரு படத்தோடும் அதை ஆக்கிய எல்லா எண்களையும், எழுமாற்று எண்களின் தொடக்க விதையையும் ஒரு தனிக் கோப்பில் எழுதி வைத்தால், பின்னர் மென்பொருள் எந்தப் படத்தில் ஏன் தவறியது என்று தேடும்போது அதே தரையை அதே நிழலோடு மீண்டும் உருவாக்கிப் பார்க்க முடியும்.